பால சதுர்பத்திரமும் தேனும்

பிள்ளைக்குக் காய்ச்சலும் பேதியும் கண்டால் பொடியைத் தேனில் குழைத்து நாவில் தடவும் வழக்கம், தாயகத்திலிருந்து தமிழரோடு கூலாய் போன்ற ஜொகூர் ஊர்களுக்கும் வந்தது. அத்தகைய பொடிகளுள் நூல்வழிப் பெயர் பெற்றது பால சதுர்பத்திர சூரணம். கோரைக்கிழங்கு, திப்பிலி, அதிவிடயம், கர்க்கடகசிங்கி ஆகிய நான்கும் சம எடையாகச் சேர்வது. காய்ச்சல், பேதி, இருமல், இளைப்பு, வாந்தி ஆகியவற்றுக்கு இதனை விதிக்கிறது 'பைஷஜ்ய ரத்னாவளி' என்னும் ஆயுர்வேத நூல். சகல ரோக நிவாரணி என்று பறைசாற்றாத இவ்வடக்கம் பாராட்டத்தக்கதே.

ஆயின், நூலில் உள்ள சரக்கும் பொட்டலத்தில் உள்ள சரக்கும் ஒன்றுதானா? அதிவிடயம் இமயத்தின் உயர்ந்த சரிவுகளில் விளையும் வேர். அரிது, விலையும் மிகுதி. ஆகவே தென்னாட்டில் 'நாட்டு அதிவிடயம்' என்னும் நீரோரச் செடியின் கிழங்கு அதன் இடத்தைப் பிடித்தது. பெயரில் உறவே ஒழிய, இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. அதிவிடயத்தின் மெய்யான உறவு கொடிய நஞ்சாகிய வச்சநாபி. வேராக இருக்கும்வரை, மேலே சாம்பல் நிறமும் உள்ளே வெண்மையும் கொண்ட அதிவிடயத்தைப் பழகிய கண் இனங்காணும். பொடித்துவிட்டால் அக்கண்ணுக்கு வேலையில்லை. மரபுவழி மருந்துகளைப் பதிவு செய்யும் முறை மலேசியாவில் 1992-இல் தொடங்கியது. பதிவு பெற்றவற்றில் 'மால்' என்று தொடங்கி 'டி' என்று முடியும் எண் காணப்படும். கையால் கட்டித் தரும் பொட்டலத்துக்கு அச்சான்றும் இல்லை.

இதனினும் பெரிய வினா தேனைப் பற்றியது. மண்ணிலும் தேனிலும் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரின் வித்துக்கள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும் என்பது 1976-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கண்டறியப்பட்டது. ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஆகாது என்று மருத்துவ உலகம் விலக்கியது அதன் பின்னரே. பழைய நூலாசிரியரைக் குறைகூற இடமில்லை. அறிந்த பின்னும் தேனை விடாதவரே குறைக்குரியவர். அந்நோயின் முதற்குறி பெரும்பாலும் மலச்சிக்கல். பேதிக்குப் பொடி கொடுத்த தாய், மலம் கட்டியதைக் கண்டு மருந்து பலித்தது என்றல்லவா மகிழ்வாள்! அழுகுரல் மெலிந்து, பால் உறிஞ்ச மாட்டாமல், கழுத்துத் துவளும்போதுதான் அச்சம் பிறக்கும்.

தேனை விடுவது மரபுக்குத் துரோகம் என்பாரும் உளர். குழந்தையைப் பால் உண்பது, பாலும் சோறும் உண்பது, சோறு உண்பது என மூவகையாகப் பிரித்து, பால்குடிக் குழந்தையின் நோய்க்குத் தாய்க்கே மருந்து தரும் வழியையும் வகுத்தது அந்த ஆயுர்வேதமே. பிரிவை மறந்து தேனை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது என்ன மரபோ! பேதியால் வற்றும் குழந்தைக்கு முதலில் வேண்டுவது இழந்த நீரும் உப்பும். கூலாயில் அரசு மருத்துவமனை உண்டு. நான்கு சரக்கும் சுத்தமாகவே அமைந்தாலும், அங்கே செல்வதை ஒரு நாள் தள்ளிப்போடும் உரிமை எந்தப் பொடிக்கும் இல்லை.