கூண்டுக்குப் பின்பக்கம் போய்ப் பாருங்கள்!

வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போய் வந்தவர்கள் அருப்புக்கோட்டைப் பக்கம் எங்கள் பாளையம்பட்டியில் நிறையப் பேர் உண்டு. புலியைப் பார்த்தோம், சிங்கத்தைப் பார்த்தோம் என்பார்கள். அவர்கள் பார்த்தது பாதிப் பூங்காதான். மீதிப் பாதி, அகழிக்கு அந்தப்பக்கம், விலங்குகளை இரவில் அடைக்கிற அறைகளுக்குப் பின்னால் இருக்கிறது. எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அங்கே விலங்குக் காப்பாளராக இருக்கிறார். அவர் முயற்சி எடுத்து, உரிய அனுமதி வாங்கி என்னை உள்ளே அழைத்துப் போனார். அங்கே நான் கண்ட உழைப்பைப் போல வேறெங்கும் கண்டதில்லை. ஊருக்குத் திரும்பியதிலிருந்து டீக்கடையில் எனக்கு இதே பேச்சுதான்.

காலை ஒன்பது மணிக்கு நமக்குக் கதவு திறக்கிறார்கள். காப்பாளர்களுக்கு அதற்கு வெகுமுன்பே பொழுது விடிந்துவிடுகிறது. வந்ததும் தீனி போடுவார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை, முதல் வேலை பார்ப்பது. சும்மா நின்று பார்க்கிறார்கள். எல்லா உருப்படியும் இருக்கிறதா, எது எழுந்து வருகிறது, எது மூலையிலேயே படுத்திருக்கிறது, நேற்றுப் போட்டதில் மிச்சம் கிடக்கிறதா, சாணம் இறுகியிருக்கிறதா, இளகியிருக்கிறதா? எங்கள் கரிசல் காட்டில் விடியற்காலை ஆட்டுக் கிடையைச் சுற்றிவரும் கீதாரி, ஒரு குட்டி காது மடங்கி நின்றாலும் கண்டுபிடித்துவிடுவாரே, அதே கண்! கண்டதையெல்லாம் அன்றாடப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். ஏதாவது சரியில்லை என்றால் அடுத்த நிமிடம் கால்நடை மருத்துவருக்குத் தகவல் போகிறது.

“காட்டு மிருகம் நோவை வெளியே காட்டாது தம்பி. காட்டுனா எதிரி அடிச்சிரும்னு அதுக்குத் தெரியும். நாமதான் முந்திக்கிட்டுக் கண்டுபிடிக்கணும்” என்றார் என்னை அழைத்துப்போன காப்பாளர் அண்ணன். இந்த ஒரு பேச்சுக்காகவே நான் வண்டலூர் வரை போயிருக்கலாம்.

அடுத்து, சமையல்கூடம். கல்யாண வீட்டுப் பந்தி தோற்றுப்போகும்! வாழைப்பழம், பப்பாளி, வெள்ளரி, கேரட், கீரைக்கட்டு, அவித்த முட்டை என்று எல்லாவற்றையும் கழுவி, அந்தந்த விலங்குக்கு ஏற்ற அளவில் நறுக்கி, நிறுத்துப் பிரிக்கிறார்கள். எல்லாக் குரங்குக்கும் ஒரே சாப்பாடு கிடையாது. இலை தின்று வாழும் நீலகிரிக் கருமந்திக்குத் தழை வேண்டும். சிங்கவால் குரங்குக்குப் பழமும் கொட்டையும் வேண்டும். புலிக்கும் சிங்கத்துக்கும் இறைச்சியை எடை போட்டுத்தான் கொடுக்கிறார்கள். வாரத்தில் ஒருநாள் பட்டினியும் உண்டு. காட்டில் புலிக்கு அன்றாடம் வேட்டை கிடைக்காதல்லவா? அதன் வயிறு அப்படிப் பழகியது.

சாயங்காலம் புலிகளை அடைக்கிற நேரத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். உள்ளே நுழையுமுன் கிருமிநாசினித் தண்ணீரில் கால் நனைத்தோம். அண்ணன் என்னைச் சுவரோரம் நிறுத்தி, மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது என்றார். இறைச்சியை அறைக்குள் வைத்து, வெளியே வந்து, கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தார். பிறகுதான் வெளியிலிருந்தபடியே சங்கிலியை இழுத்துத் திறந்தவெளிப் பக்கத்துக் கதவைத் தூக்கினார். பேர் சொல்லி ஒரே ஒரு குரல். வெளியே நான் பார்த்தபோது மரத்தடியில் பொம்மை போலக் கிடந்த புலி, சத்தமே இல்லாமல் உள்ளே வந்து நின்றது. கம்பிக்கு அந்தப்பக்கம் அதன் மூச்சுக்காற்று என் மேல் படுகிற தூரம்! அண்ணனைப் பார்த்து மூக்கால் “ஃபர்ர்ர்” என்று மெல்லக் கனைத்தது. புலிகள் தமக்குப் பழகியவர்களை இப்படித்தான் நலம் விசாரிக்குமாம். கதவை இறக்கியதும் மறுபடி பூட்டு, மறுபடி இழுத்துப் பார்ப்பது. இத்தனை வருடப் பழக்கத்திலும் அவர் ஒருமுறைகூடக் கம்பிக்குள் கை நீட்டவில்லை. அன்பு வேறு, அசட்டுத் தைரியம் வேறு என்பதை அங்கேதான் படித்தேன்.

இன்னொரு அதிசயம்: புலி தன் எல்லையைக் குறிக்கப் பீய்ச்சுகிற நீரில், பாஸ்மதி அரிசிக்கு மணம் தருகிற அதே வேதிப்பொருள் இருக்கிறது. கொல்கத்தாவைச் சேர்ந்த பிரம்மச்சாரி என்ற பெயருடைய விஞ்ஞானி கண்டுபிடித்துச் சொன்னது. அந்த அறையில் மூக்கை வைத்தால் நம்புவீர்கள்!

இந்தப் பூங்காவின் வேலை ஒழுங்கு ஒருநாளில் வந்ததில்லை. 1855-இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் எட்வர்ட் கிரீன் பால்ஃபோர் தொடங்கிய விலங்குக் காட்சிசாலைதான் இது. பிறகு சென்ட்ரல் அருகே பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. இடம் போதாமல் வண்டலூருக்கு வந்தது. 1985 ஜூலை 24 அன்று எம்.ஜி.ஆர். திறந்துவைத்தார். இன்று 602 ஹெக்டேரில் விரிந்து கிடக்கிறது.

அது பட்ட அடிகளும் சாதாரணமில்லை. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வார்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. பாதையெல்லாம் மரம் கிடந்தாலும் விலங்குக்குப் பசிக்கும் அல்லவா? தீனி போய்ச் சேர்ந்தாக வேண்டும். 2021 ஜூனில் சிங்கங்களுக்கே கொரோனா வந்தது. ஒன்பது வயதுப் பெண் சிங்கம் நீலாவும், பன்னிரண்டு வயது பத்மநாதனும் அந்த மாதத்தில் இறந்தன. மாதிரிகளைப் போபாலுக்கு அனுப்பிப் பரிசோதித்தபோது டெல்டா வகைக் கிருமி என்று தெரிந்தது. நாமெல்லாம் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த அந்த நாட்களிலும், காப்பாளர்கள் கவச உடையோடு கூண்டு கூண்டாகப் போய் மற்ற சிங்கங்களைத் தேற்றி எடுத்தார்கள். ஊரடங்கு வரும், புயல் வரும், தீபாவளி வரும். தீனி நேரம் மட்டும் மாறாது. பார்வையாளர் இல்லாத செவ்வாய்க்கிழமையும் அவர்களுக்கு வேலைநாள்தான்.

பின்பக்கம் எல்லோருக்கும் திறக்காது, திறக்கவும் கூடாது. அதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள். சிலம்பு எக்ஸ்பிரஸ் நம் அருப்புக்கோட்டை வழியாகவே போகிறது. தாம்பரத்தில் இறங்கினால் வண்டலூர் பக்கம்தான். காலையிலேயே போய்விடுங்கள். கல் எறியாதீர்கள், கூச்சல் போடாதீர்கள், தின்பண்டம் வீசாதீர்கள். கையில் வசதியிருந்தால் பூங்காவின் தத்தெடுப்புத் திட்டத்தில் ஒரு சின்னப் பறவைக்காவது சில நாள் தீனிச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். காக்கி உடுப்பில் வாளியோடு போகிறவர் யாரையாவது பார்த்தால் நிறுத்தி, “சாப்பிட்டீங்களா அண்ணே?” என்று கேளுங்கள். அத்தனை உயிருக்கும் வேளை தவறாமல் சோறு போடுகிறவர் அவர்தான்.