ஊசியும் உத்தரவும்

பொது இடங்களுக்கு வருவோர் கொரோனாத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டுமென, 1939-ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டத்தைக் காட்டித் தமிழகச் சுகாதாரத் துறை 2021 நவம்பரில் உத்தரவிட்டது. வேலைத் தலங்கள் பலவும் சான்றிதழ் கேட்டன.

ஊசி கடும் நோயையும் இறப்பையும் வெகுவாகக் குறைக்கிறது, அதில் ஐயமில்லை. ஆனால் கட்டாயப்படுத்த அது மட்டும் போதாது. ஊசி போடாதவரிடமிருந்தே பிறருக்கு அதிகம் தொற்றுகிறது என்று காட்ட வேண்டும். அதற்கான சான்றை அரசுகள் தரவில்லை என்று 2022 மே 2-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இந்த வேறுபாட்டை உத்தரவிட்டோரே முன்னதாகக் கண்டிருக்க வேண்டும்.

பளுவான பெட்டியை நகர்த்த இன்னும் பலமாகத் தள்ளலாம். அடியில் உருளை வைத்து உராய்வைக் குறைக்கவும் செய்யலாம். இரண்டாவது வழியும் அரசுக்குத் தெரிந்ததே. ஊசி போட்டால் கறியும் மதுவும் கூடாதென்று எண்ணிப் பலர் ஞாயிறு முகாமைத் தவிர்த்தனர். (எங்கள் ராசிபுரத்து ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடைக் கூட்டத்தைப் பார்த்தவர் இதைக் கேட்டு வியக்கமாட்டார்.) 2021 அக்டோபரில் முகாம் சனிக்கிழமைக்கு மாற்றப்பட்டது. திட்டாமல், மிரட்டாமல் செய்த நல்ல காரியம் அது.

ஜவ்வரிசி ஆலையிலும் தறியிலும் நாட்கூலிக்கு உழைப்பவர், ஊசி போட்ட மறுநாள் காய்ச்சலில் படுத்தால் கூலியை இழக்கிறார். அந்த ஒரு நாள் கூலியை முதலாளிகள் கொடுத்திருந்தால், சான்றிதழ் கேட்க நேர்ந்திருக்குமா?