சமாதானமும் நீதிமன்றமும்: வால்தர் ஷூக்கிங் பற்றிய ஒரு மதிப்பீடு

சமாதானத்தை மனித உள்ளத்தின் நற்பண்பாகக் காண்போர் பலர். அதனை ஒரு சட்ட ஒழுங்காகக் கண்டோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஜேர்மனியச் சர்வதேசச் சட்ட அறிஞர் வால்தர் ஷூக்கிங் (1875 - 1935). 1899, 1907ஆம் ஆண்டுகளில் கூடிய ஹேக் மாநாடுகளின் வாயிலாக உலக அரசுகளின் கூட்டமைப்பொன்று ஏற்கெனவே உருவாகிவிட்டது என, மார்பேர்க் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய அவர் 1912இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். இரண்டே ஆண்டுகளில் முதலாம் உலகப்போர் மூண்டது. ஒரு நிறுவனத்தின் தோற்றத்தையே அதன் வலிமையென மயங்கியமை அவர் சிந்தனையின் குறைபாடு என்பதை மறுப்பதற்கில்லை.

அவர்மீது சுமத்தத்தக்க பிறிதொரு குற்றச்சாட்டு இதனினும் கடுமையானது. போர்த்தளபாடங்களுடன் டான்சிக் நோக்கிச் சென்ற 'விம்பிள்டன்' கப்பலை 1921இல் ஜேர்மனி கீல் கால்வாயில் அனுமதிக்கவில்லை. 1923இல் நிரந்தர சர்வதேச நீதிமன்றம் இம்மறுப்பைத் தவறெனத் தீர்த்தது. அவ்வழக்குக்கென ஜேர்மனி நியமித்த நீதிபதியான ஷூக்கிங் இத்தீர்ப்புடன் முரண்பட்டார். பின்னர் அம்மன்றின் நிரந்தர நீதிபதியானபோதும், 1931இல் ஆஸ்திரிய - ஜேர்மனியச் சுங்க ஒன்றியம் பற்றிய வினாவில் ஜேர்மனிக்குச் சாதகமான சிறுபான்மையினருடனேயே நின்றார். அவ்வாறாயின், உலக ஒழுங்கைப் பேசியவர் இறுதியில் தம் நாட்டின் வழக்கறிஞராகவே எஞ்சினாரா?

இவ்வினாவுக்கு அவசர விடை பொருந்தாது. முதல் வழக்கில் இத்தாலிய நீதிபதி அன்சிலொட்டியும் சுவிஸ் நீதிபதி ஹூபரும் மாறுபட்டனர். இரண்டாவதில் பிரித்தானிய, அமெரிக்க, யப்பானிய நீதிபதிகளும் அச்சிறுபான்மையில் இருந்தனர். எனவே, நாட்டுப்பற்று ஒன்றே அவர் முடிவுகளுக்குக் காரணம் எனக் கொள்ளவியலாது.

அவரது உண்மையான உரைகல் 1934ஆம் ஆண்டின் ஒஸ்கார் சின் வழக்காகும். கொங்கோ ஆற்றுப் போக்குவரத்துப் பற்றிப் பிரித்தானியாவுக்கும் பெல்ஜியத்துக்கும் எழுந்த பிணக்கு அது. 1885ஆம் ஆண்டின் பேர்லின் சாசனத்தை அதில் ஒப்பமிட்டோருட் சிலர் மட்டும் கூடி 1919இல் மாற்றியமை செல்லாது என்றார் ஷூக்கிங். வழக்காடிகள் இதனை எழுப்பாவிடினும் நீதிமன்று தானாகவே கவனித்தல் வேண்டும் என்பதும், பொது ஒழுக்கத்துக்கு முரணான உடன்படிக்கையை அது ஒருபோதும் நடைமுறைப்படுத்தலாகாது என்பதும் அவர் நிலைப்பாடு. அரசுகளின் விருப்பத்துக்கும் ஓர் எல்லை உண்டென்னும் இக்கருத்து பிற்காலச் சட்டச் சிந்தனையில் வேரூன்றியது.

ஆயினும், அவர் காக்க முனைந்த அச்சாசனம் ஆபிரிக்கர் ஒருவரேனும் அமராத மேசையில் எழுதப்பட்டது. அரசுகளின் சம்மதத்தை நுணுகி ஆராய்ந்தவர், ஆளப்பட்ட மக்களின் சம்மதத்தை அங்கு வினவவில்லை. அவரது சமாதானக் கோட்பாட்டின் பெருங்குறை இதுவேயெனலாம்.

1933இல் நாசி ஆட்சி அவரைக் கீல் பல்கலைக்கழகப் பதவியினின்றும் நீக்கியது. அவரோ ஹேக்கின் நீதிபதி ஆசனத்தைத் துறக்க மறுத்து, 1935இல் அந்நகரிலேயே மறைந்தார். தம் நாட்டுக்காக வாதிட்டவரென ஐயுறப்பட்டவர், அந்நாட்டின் அரசுக்குப் பணிய மறுத்தமையே அவ்வையத்துக்கான தக்க மறுமொழியாகும்.