தயையா, தொண்டா? கொல்கத்தாவின் அறச்சொற்களும் தமிழ் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

கொல்கத்தாவில் காளிகாட்டுக் கோயிலை ஒட்டிப் பழைய கட்டடம் ஒன்று உள்ளது. கோயிலுக்கு வரும் பயணிகள் தங்குவதற்கு அமைந்த அவ்விடத்தை மாநகராட்சி 1952ஆம் ஆண்டில் அன்னை தெரசாவிடம் ஒப்படைத்தது. அதுமுதல், தெருவோரத்தில் சாகும் தறுவாயில் கிடந்த, பேரும் ஊரும் அறியப்படாத மாந்தர்க்கு அது புகலிடமாயிற்று. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே, 1897 மே 1 அன்று, இதே நகரின் பாக்பசார் பகுதியில் பலராம் போசு இல்லத்தில் இராமகிருஷ்ண மிஷன் தோற்றுவிக்கப்பட்டது. இவ்விரு இயக்கங்களைப் பற்றியும் தமிழில் நூல்கள் பல மொழிபெயர்க்கப்பட்டுள்ளன. அவற்றுள் தயை, கருணை, இரக்கம், சேவை, தொண்டு, பணி, ஊழியம் என்னும் சொற்கள் ஒன்றற்கொன்று மாற்றாகப் பெரிதும் ஆளப்படுகின்றன. இவை ஒருபொருட் சொற்கள் அல்ல. கொடுப்பவரையும் பெறுபவரையும் ஒவ்வொன்றும் வெவ்வேறு நிலையில் நிறுத்துகிறது. இவ்வேறுபாட்டை மொழிபெயர்ப்பாளர் கருதாதபோது மூலத்தின் சமயக் கருத்தே திரிந்துவிடுகிறது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

2. தட்சிணேசுவரத்து வேறுபாடு

இராமகிருஷ்ணர் 1884ஆம் ஆண்டில் தட்சிணேசுவரத்தில் வைணவ நெறியின் கடமைகளை விளக்கிக் கொண்டிருந்தார். இறைநாமத்தில் ஈடுபாடு, உயிர்களிடத்துத் தயை, அடியாரைப் போற்றுதல் என்பன அவை. இரண்டாம் கடமையைக் கூறும்பொழுது தம்மை மறந்த நிலை எய்திய அவர், மீண்டபின், உயிர்களுக்குத் தயை காட்டுவதற்கு மனிதனுக்குத் தகுதி ஏது என்று வினவி, சிவன் என்னும் உணர்வுடன் உயிருக்குச் சேவை செய்வதே நெறி என்று திருத்தினார். இந்நிகழ்ச்சியைச் சுவாமி சாரதானந்தர் தம் வங்காள நூலாகிய 'ஸ்ரீராமகிருஷ்ண லீலாபிரசங்க'த்தில் பதிவு செய்துள்ளார். உடனிருந்து கேட்ட நரேந்திரர், பின்னாளில் விவேகானந்தராகி, மிஷனின் அடிப்படைக் கொள்கையாக இதனை ஆக்கினார்.

இங்கு நிகழ்ந்தது ஒரு சொல்லை நீக்கி மற்றொரு சொல்லை வைத்தல். தயை மேலிருந்து கீழ்நோக்கிச் செல்வது. சேவை கீழிருந்து மேல்நோக்கிச் செல்வது. உதவி பெறும் அயலார் முதற்சொல்லில் இரங்கத்தக்கவர். இரண்டாம் சொல்லில் வழிபடத்தக்கவர். செயல் ஒன்றே, சோறும் மருந்தும் அவையே. திசை மட்டுமே மாறுகிறது. இத்திசையைக் காட்டாத மொழிபெயர்ப்பு, செய்தியைச் சொல்லி உபதேசத்தை விட்டுவிடுகிறது.

3. சேவையும் தொண்டும்

வங்காளத்தில் 'சேபா' என்று ஒலிக்கப்படும் இச்சொல்லின் பொருட்பரப்பு விரிவானது. தெய்வத்துக்கு நாள்தோறும் செய்யும் உபசாரம் சேபா; நோயாளியைப் பேணுதல் சேபா; வைணவத் துறவியர் உணவு கொள்வதையும் அச்சொல்லாலேயே குறிப்பர். மருத்துவமனைச் செவிலியும் 'சேபிகா' எனப்படுகிறார். கருவறையும் நோய்ப்படுக்கையும் ஒரே சொல்லின் எல்லைக்குள் அடங்குதலால், இராமகிருஷ்ணரின் திருத்தம் வங்காளியர் செவிக்கு இயல்பாகவே விளங்கியிருக்கும்.

தமிழில் நிலை வேறு. திருமால் அடியாரிடையே 'சேவித்தல்' வணங்குதலைக் குறிக்கும். கருட சேவை என்பது இறைவன் அடியார்க்குக் காட்சி தருதல். இவ்வழிபாட்டுப் பொருள் கோயில் வட்டத்தைத் தாண்டிப் பொது வழக்கில் நிலைபெறவில்லை. அங்குச் சேவை என்பது 1994இல் வந்த சேவை வரி, 2017இல் வந்த சரக்கு மற்றும் சேவை வரி, அரசின் இ-சேவை மையம் என்னும் தொடர்களில் வழங்கும் சொல்லாக மெலிந்துவிட்டது. எழுத்து வடிவில் மூலத்துக்கு மிக நெருங்கிய சொல்லே இங்குப் பொருள் வடிவில் மிக விலகிய சொல்லாகிறது.

'தொண்டு' அவ்வாறன்று. அடிமைத்தன்மையை அடிப்பொருளாகக் கொண்ட இச்சொல் தொண்டு செய்பவரைத் தாழ்ந்த நிலையில் வைக்கிறது. சுந்தரரின் திருத்தொண்டத்தொகை அடியார்க்கு அடியவராதலைப் பேறாகக் கொள்கிறது. அதன் வழிவந்த பெரியபுராணத்துக்குச் சேக்கிழார் இட்ட பெயரும் திருத்தொண்டர் புராணமே. எனவே தயைக்கு எதிர்நிலையில் சேவை நிற்கும் இடங்களில், தமிழில் இரக்கத்துக்கு எதிர்நிலையில் தொண்டினை நிறுத்துதல் ஏற்புடைத்து. இன்று 'தொண்டு நிறுவனம்' என்னும் தொடரில் அதுவும் சற்றுத் தேய்ந்துள்ளது எனினும், தாழ்ந்து நிற்றல் என்னும் பொருள் அதனை விட்டு முற்றும் நீங்கவில்லை.

4. வடலூர் எழுப்பும் தடை

இவ்வாறு தயையை ஒதுக்கித் தொண்டினைக் கொள்ளும் முடிவுக்குத் தமிழிலேயே ஒரு தடை உண்டு. தட்சிணேசுவரத்து நிகழ்ச்சிக்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்னர், 1867 மே 23 அன்று, இராமலிங்க அடிகள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பசித்து வருவோர்க்குச் சாதி, சமயம் வினவாது உணவளிக்க அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது எரிகிறது. அதன் கொள்கைநூல் 'ஜீவகாருண்ய ஒழுக்கம்'. ஜீவகாருண்யம் என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் உயிர்களிடத்துத் தயை என்றே ஆகும். ஆயின் இராமகிருஷ்ணர் விலக்கியதையே வள்ளலார் வலியுறுத்தினாரா?

அன்று. வள்ளலார் காட்டும் காருண்யத்துக்கு அடிப்படை உயிர்களிடையேயான சகோதர உரிமை. எல்லா உயிர்களும் ஒரே இறைவனால் ஒரே தன்மையினவாகப் படைக்கப்பட்டமையால், ஒன்றன் துன்பம் கண்டு மற்றொன்று உருகுதல் அவ்வுரிமையின் விளைவு. அவ்வுருக்கத்தையே அவர் இறைவழிபாடாகவும் கொண்டார். இங்குத் திசை மேலிருந்து கீழும் அன்று, கீழிருந்து மேலும் அன்று, சமநிலையினது. வங்காளத்துத் 'தயா'வும் வடலூர்க் 'காருண்யமும்' அகராதியில் உறவுடையனவாயினும் அவ்வம்மொழியில் அவை பெற்ற வரலாறு வேறு.

ஆகவே இராமகிருஷ்ணர் விலக்கிய தயையைத் தமிழில் 'காருண்யம்' என்று பெயர்ப்பவர், தம்மை அறியாமலே வடலூரை மறுத்தவராகிறார். 'அருள்' என்று பெயர்ப்பினும் குறையே. தொடர்பு கருதாது எல்லா உயிர்கள்மேலும் இயல்பாகச் செல்வது அருள் என்பது பரிமேலழகர் கொள்கை. அயலார்பால் செல்லும் அன்புக்கு அதனினும் பொருந்திய சொல் அரிது. தன்னை உயர்த்திக்கொண்டு காட்டும் இரக்கத்துக்கு 'இரக்கம்' என்பதே போதும். உயர்ந்த சொற்களை அதற்கு இழத்தல் வேண்டா.

5. தரித்திர நாராயணன்

விவேகானந்தர் பரப்பிய 'தரித்திர நாராயணன்' என்னும் தொடரும் ஈண்டுக் கருதத்தக்கது. வடமொழிப் பொருளில் தரித்திரன் வறியவன், வங்காளத்திலும் அவ்வாறே. தமிழ்ப் பேச்சு வழக்கிலோ 'தரித்திரம்' வசைச்சொல், அமங்கலத்தைக் குறிப்பது. வசையும் இறைப்பெயரும் இணைந்து நிற்கும் அத்தொடர் தமிழில் மூலத்தினும் கடுமையான அதிர்வைத் தருகிறது. அவ்வதிர்வு பயனுடையதே என்பாரும் உளர். ஆனால் உதவி பெறுவோர் தம்மைப் பற்றிய இச்சொல்லை எவ்வாறு கேட்பர் என்னும் வினாவையும் மொழிபெயர்ப்பாளர் எழுப்பிக்கொள்ள வேண்டும். மாந்தரை நடமாடும் கோயிலாகக் கண்ட திருமூலர் மரபு தமிழில் இருத்தலின், அதனை அடிக்குறிப்பாகத் தந்து தொடரை விளக்குதல் தக்கது.

6. காளிகாட்டின் பெயர்

காளிகாட்டு இல்லத்தின் 'நிர்மல் ஹிருதய்' என்னும் பெயரே ஒரு மொழிபெயர்ப்பு. இல்லம் திறக்கப்பட்ட ஆகஸ்டு 22 அக்காலத்தில் மரியாவின் மாசற்ற இதயத் திருநாள். பெயர்ப்பில் மரியா வெளிப்படையாக இல்லை. எச்சமயத்தாரும் தமதாகக் கொள்ளத்தக்க இரு சொற்கள் உள்ளன. கோயில் வாயிலில் அமைந்த இல்லத்துக்கு இது பொருத்தமான தேர்வு. சமயப் பற்றுடையார்க்கு அதன் உட்பொருள் தெரியும். மற்றையோர்க்கு அது தூய நெஞ்சம்.

1950இல் தோன்றிய சபையின் பெயரில் உள்ள 'சாரிட்டி' என்னும் சொல் இலத்தீனக் 'காரிட்டாசு' வழிவந்தது. அன்பு என்பதே அதன் பொருள். ஆங்கிலத்தில் அது நாளடைவில் பிச்சையிடுதல் என்னும் அளவுக்குக் குறுகியது. 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்தில் இச்சொல் நின்ற இடத்தில் 1881ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு 'அன்பு' எனப் பொருள்படும் சொல்லை அமைத்தமை அறியத்தக்கது. தமிழில் இச்சபை 'பிறர் அன்பின் பணியாளர் சபை' என வழங்கப்படுகிறது. தருமம், தானம் என்னும் சொற்களை நாடாமல் அன்பினைக் கொண்டதோடு, மூலத்தில் இல்லாத 'பிறர்' என்பதையும் இப்பெயர் சேர்த்துள்ளது. உறவல்லாதவரைப் பெயரிலேயே இடம்பெறச் செய்த இவ்விரிவு மூலத்தைத் தெளிவாக்கும் நல்ல பெயர்ப்பு எனலாம்.

சொல்லின் சிறப்பு செயலின் குறையை மறைத்தலும் ஆகாது. காளிகாட்டு இல்லத்தில் நோயறியும் முறையும் வலிதணிக்கும் மருந்தும் போதுமானவையாக இல்லை என 1994இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ராபின் ஃபாக்ஸ் எழுதினார். அன்பு என்னும் அளவுகோலால் நோக்குவார்க்கு அக்குறை சிறிதாகத் தோன்றலாம். செவிலியத்தையும் உள்ளடக்கிய 'சேபா' என்னும் உள்ளூர்ச் சொல்லால் அளப்பின், திறமையும் அறத்தின் கூறே ஆகிவிடுகிறது.

7. நாள்தோறும் வழங்கும் சொற்கள்

பெருநிறுவனங்களுக்கு அப்பாலும் இச்சொற்கள் வாழ்கின்றன. கோடையில் வழிப்போக்கர்க்கு நீர் வழங்குமிடம் வங்காளத்தில் 'ஜலசத்ர'; தமிழில் தண்ணீர்ப்பந்தல். நெடுநாள் வேள்வியைக் குறித்த வடமொழிச் 'சத்ர' வங்காளத்தில் நீரும் சோறும் வழங்குமிடமாகவும் தமிழில் சத்திரம் என்னும் தங்குமிடமாகவும் கிளைத்தது. வேள்வி தெருவுக்கு வந்த வரலாறு இது. திங்களூரில் அப்பூதியடிகள் அமைத்த தண்ணீர்ப்பந்தலுக்கு அவர் நேரிற் காணாத திருநாவுக்கரசரின் பெயர் வைக்கப்பட்டிருந்தது. அப்பந்தலுக்கு ஒருநாள் முன்பின் அறியாத வழிப்போக்கராக வந்தவர் அத்திருநாவுக்கரசரே. வருபவர் யாரென்று அறியாமல் வழிபடுதலே தொண்டு என்பதற்கு இதனினும் சிறந்த விளக்கம் வேண்டுவதில்லை.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். தயையும் சேவையும் எதிர்நிலையில் நிற்குமிடத்து இரக்கம், தொண்டு என்பன தகும். காருண்யம், அருள் என்பவற்றைத் தயைக்கு நிகராக வைத்து விலக்குதல் தகாது. நிறுவனப் பெயர்களில் வழங்கும் சேவை என்னும் சொல்லை அவ்வாறே விட்டு, கருத்து விளங்க வேண்டிய இடங்களில் மட்டும் தமிழ் வழக்கினைக் கொள்ளுதல் நன்று. பெயரறியாத ஒருவரின் முன் நாம் எந்நிலையில் நிற்கிறோம் என்பதை இச்சொற்கள் தீர்மானிக்கின்றன. அவற்றைத் தேர்பவர் சோறிடுபவருக்கு நிகரான பொறுப்புடையவர்.