துஹ்பதுல் முஜாஹிதீன்: மிளகும் மார்க்கமும்

பொன்னானி ஸைனுத்தீன் மக்தூம் என்றதும் நம்மவர்க்கு நினைவு வருவது மத்ரஸாக்களில் ஓதிக்கொடுக்கும் ‘பத்ஹுல் முஈன்’ என்ற ஷாபிஈ பிக்ஹு நூல்தான். அவரே 16ஆம் நூற்றாண்டில் அறபில் எழுதிய வரலாற்று நூலான ‘துஹ்பதுல் முஜாஹிதீ’னைப் படித்தவர்கள் குறைவு. 2019இற்குப் பிறகு இப்படியொரு தலைப்புள்ள கிதாபை அலுமாரியில் வைக்கவே பலர் யோசித்தார்கள். அது வேறு கதை. “உலகத்துச் சண்டைக்கெல்லாம் மார்க்கம்தானே சேர் காரணம்?” என்று உயர்தர வகுப்புப் பிள்ளைகள் கேட்டால், “இல்லை, எல்லாம் அரசியல்” என்று முடித்துவிடுவது நமது வழக்கம். இந்த நூலைப் படித்தவருக்கு அப்படி லேசாக முடிக்க ஏலாது.

நூலில் நான்கு பகுதிகள்: ஜிஹாதின் சிறப்பு, மலபாரில் இஸ்லாம் பரவிய வரலாறு, அங்குள்ள இந்துக்களின் வழக்காறுகள், போர்த்துக்கேயரின் அட்டூழியம். பீஜப்பூர் சுல்தான் அலீ ஆதில் ஷாவுக்குச் சமர்ப்பணம் செய்யப்பட்டது. முதற்பகுதியோடு மூடிவைத்தால் இது முஸ்லிம்களுக்கும் காபிர்களுக்கும் நடந்த யுத்தம் என்றே படும். நான்காம் பகுதியில் மக்தூம் திரும்பத் திரும்பப் பேசுவதோ வியாபாரம். முஸ்லிம்கள் மிளகும் இஞ்சியும் ஏற்றக் கூடாது. பறங்கியின் அனுமதிச் சீட்டில்லாமல் கப்பல் ஓடக் கூடாது. இதை எதிர்த்துத் தன் செல்வத்தைக் கரைத்தவர் கள்ளிக்கோட்டைச் சாமூத்திரி என்ற இந்து மன்னர். முஸ்லிம் சுல்தான்கள் கைகொடுக்கவில்லை என்பதுதான் மக்தூமின் பெரிய மனக்குறை. சும்மா சொல்லக் கூடாது, நன்றி மறந்ததால் வந்த சோதனை என்று தன் சமூகத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1571இல் சாலியம் கோட்டையைச் சாமூத்திரி பிடித்தபோது, கள்ளிக்கோட்டை காழி முஹம்மது அவரைப் புகழ்ந்து ‘பத்ஹுல் முபீன்’ என்று அறபிலேயே ஒரு காவியம் பாடினார்!

மற்றப் பக்கமும் இப்படித்தான். 1509இல் எகிப்தின் மம்லூக் கடற்படை தியூவில் தோற்றபோது, குஜராத் சுல்தானின் ஆளுநர் மலிக் அயாஸ் ஒப்புக்கு நின்றார். அடுத்த வருடம் கோவாவைப் பிடிக்க அல்புகர்க்குக்குத் துணைபோனவன் திம்மோஜி என்ற இந்து. 1539இல் சீதாவாக்கை மாயாதுன்னை, தனக்கு உதவ வந்த மலபார் மரைக்காயர் தலைவர்களையே கொன்று, சமாதானத்துக்காகத் தலைகளைப் போர்த்துக்கேயருக்குக் கொடுத்தான்.

நமது மேடைப் பேச்சாளர்கள் இந்த இடத்தில் நிறுத்தி, “பார்த்தீர்களா, மார்க்கத்துக்குச் சம்பந்தமில்லை” என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஸரஸன்களையும் மற்ற அவிசுவாசிகளையும் வென்று அடிமையாக்கலாம் என்று போர்த்துக்கல் மன்னருக்கு எழுத்தில் அனுமதி தந்தவர் பாப்பரசர் ஐந்தாம் நிக்கொலஸ், 1452இலும் 1455இலும். 1502இல் மக்காவிலிருந்து திரும்பிய ஹாஜிகளின் கப்பலை வாஸ்கோ ட காமா மறித்தான். சாமான்களை எடுத்துக்கொண்டான். உயிருக்கு ஈடாகப் பெருந்தொகை தருவதாகப் பயணிகள் கெஞ்சினார்கள். அவன் பெண்களோடு சேர்த்துக் கப்பலை எரித்தான். இதை மிளகுக் கணக்கில் எழுத முடியாது. வியாபாரி என்றால் பணத்தை வாங்கிக்கொண்டு விட்டிருப்பான். கப்பல்கள் இந்தக் கடலுக்கு வந்தது மிளகுக்காகத்தான். ஆனால் யாரை எரித்தாலும் பாவமில்லை என்பதை அந்தப் படைக்குச் சொல்லிக் கொடுத்தது மதம்தான்.

அதே கண்டிப்போடு மக்தூமையும் வாசிக்க வேண்டும். முதற்பகுதியில் காபிரோடு போர் கடமை. நான்காம் பகுதியில் போரின் நாயகனே முஸ்லிமல்லாத சாமூத்திரி. இவை இரண்டையும் இணைக்க அவர் முயலவே இல்லை. தமிழ் படித்தவன் கண்ணுக்கு இது நூலமைப்பில் விழுந்த விரிசல். ஆனால் முதற்பகுதிக்கு இடைஞ்சல் என்பதற்காகச் சாமூத்திரியின் நன்மையை அவர் மறைக்கவில்லை. அந்த நேர்மைக்காகவே இந்நூலை நம் பிள்ளைகள் கையில் தைரியமாகக் கொடுப்பேன், தலைப்பு எப்படி இருந்தாலும்.

நூல் 1580களின் தொடக்கத்தோடு நின்றுவிடுகிறது. அதன் பிறகு சாமூத்திரிக்கும் நான்காம் குஞ்ஞாலி மரைக்காருக்கும் பகை முற்றியது. சாமூத்திரி போர்த்துக்கேயரோடு சேர்ந்து அவரது கோட்டையை முற்றுகையிட்டார். உயிருக்கு உத்தரவாதம் தந்து சரணடையச் செய்து, அவரைப் போர்த்துக்கேயரிடமே ஒப்படைத்தார். 1600இல் கோவாவில் குஞ்ஞாலியின் தலை வெட்டப்பட்டது. அந்த முடிவையும் மக்தூம் எழுத நேர்ந்திருந்தால், சாமூத்திரியைப் புகழ்ந்த பக்கங்களை அப்படியே விட்டிருப்பாரா?