மாலி நாட்டு மரச்சிற்பங்கள்: காட்சியும் மறைவும்

ஆப்பிரிக்கச் சிற்பம் பற்றி நம்மிடையே வழங்கும் எண்ணங்களுள் பெரும்பாலானவை படப் புத்தகங்கள் வழியே வந்தவை. வழவழப்பான தாள், கரிய பின்னணி, நடுவே ஒளி வெள்ளத்தில் தனித்து நிற்கும் ஒரு மரவுருவம். அதன் கீழே 'பம்பாரா, மாலி' என்று ஒரு வரி. அடுத்த பக்கத்தைப் புரட்டினால் பிக்காசோவின் பெயர் வந்துவிடும். 1907-ஆம் ஆண்டில் அவர் பாரிஸ் நகரின் திரொக்காதேரோ அருங்காட்சியகத்தில் ஆப்பிரிக்க முகமூடிகளைக் கண்டு அதிர்ந்தார் என்பதும், அதன் சாயல் ஐரோப்பிய ஓவியத்தில் படிந்தது என்பதும் பலரும் எழுதிய செய்திகளே. அவற்றை மறுப்பதற்கில்லை. ஆயின், பாரிஸ் ஓவியருக்கு வழிகாட்டுவதற்காகவா அந்த மரங்கள் செதுக்கப்பட்டன? மாலி நாட்டுப் பமானா, தோகோன் ஆகிய இரு மக்களின் படைப்புகளை எடுத்துக்கொண்டு, அவை யார் கண்ணுக்குக் காட்டப்பட்டன, யார் கண்ணுக்குப் படாமல் காக்கப்பட்டன என்னும் கேள்வியை முன்வைத்து அவற்றை மதிப்பிட முயல்வோம்.

நைஜர் ஆறு பாயும் செகூ நகரத்தையும் அதனைச் சூழ்ந்த சமவெளிகளையும் தாயகமாகக் கொண்ட உழவர் பெருமக்கள் பமானாக்கள். பிரெஞ்சுக்காரர்கள் இவர்களைப் பம்பாரா என்று எழுதினர். நூல்களில் இரு பெயர்களும் வழங்கும். இவர்களிடையே மரம் செதுக்குவது கொல்லர் குடியினரின் உரிமைத் தொழில். இரும்பைக் காய்ச்சி அடிப்பவனே வாய்ச்சி ஏந்தி மரத்தையும் செதுக்குவான். அவன் மனைவி மட்பாண்டம் வனைவாள். உலகப் பொருள்கள் அனைத்திலும் 'நியாமா' என்னும் ஆற்றல் உறைகிறது என்பதும், அதனை அடக்கி ஆளும் திறன் கொல்லனுக்குப் பிறப்பிலேயே வாய்க்கிறது என்பதும் அவர்கள் நம்பிக்கை. கையாளத் தெரியாதவனை அவ்வாற்றல் அழித்துவிடும். ஆகவே அங்கே சிற்பி என்பவன் அழகுணர்ச்சி உடையவன் மட்டும் அல்லன். ஆபத்தான ஒன்றைத் தொடத் துணிந்தவன்.

இவர்களுடைய படைப்புகளுள் உலகம் நன்கறிந்தது சிவாரா எனப்படும் மான் வடிவத் தலையணி. 'சி' என்பது உழவு. 'வாரா' என்பது காட்டு விலங்கு. பாதி மனிதனும் பாதி விலங்குமாய்த் தோன்றிய ஒன்று, மண்ணைக் கிளறித் தானியம் விளைவிக்கும் வித்தையை மக்களுக்குக் கற்றுத் தந்தது என்பது தொன்மக் கதை. விளைச்சல் பெருகவே மக்கள் அசட்டையாகித் தானியத்தை வீணாக்கினார்கள். அது கண்டு மனம் நொந்த சிவாரா மண்ணுக்குள் புதைந்து மறைந்ததாம். அதன் நினைவாகச் செதுக்கப்படும் உருவில் நீண்ட கொம்புகள் மானுடையவை. தாழ்ந்த உடல், மண்ணைத் தோண்டி வாழும் ஆர்ட்வார்க் என்னும் விலங்கினுடையது. சிலவற்றில் அலங்கின் சாயலும் உண்டு. ஆணும் பெண்ணுமாகச் சோடியாகவே ஆட வேண்டும் என்பது மரபு. பெண் மானின் முதுகில் குட்டி நிற்கும். பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு வயலில் இறங்கும் பமானாத் தாயை அது நினைவூட்டும். ஆண் மானின் பிடரியோ இடையிடையே வெட்டவெளி விட்டு மடிந்து மடிந்து செல்லும் கோடுகளால் ஆனது. அம்மடிப்பு வானில் கதிரவன் செல்லும் வழியைக் குறிக்கும் என்று தொமினிக் சாஆன் என்னும் ஆய்வாளர் விளக்கினார்.

சிகாகோ கலைக்கழகத்தில் உள்ள புகழ்பெற்ற சோடியில் ஆண் உருவம் ஏறக்குறைய 1 மீட்டர் உயரம். வெற்றிடத்தையும் உருவமாக்கிய திறன் என்று மேலைக் கலை விமரிசகர்கள் இத்தகைய பிடரிகளைப் போற்றுவர். போற்றத் தக்கதே. ஆனால் கண்ணாடிப் பேழைக்குள் நிற்கும் அம்மானுக்குக் கீழே என்ன இருந்தது என்பதை அப்பேழை சொல்வதில்லை. பிரம்பால் பின்னிய குல்லாய் ஒன்றின்மேல் அது கட்டப்பட்டிருந்தது. குல்லாய்க்குக் கீழே ஆடுபவனின் முகத்தையும் உடலையும் மறைத்துத் தொங்கும் கரிய நார் உடை. அவன் இரு கைகளிலும் கோல் ஊன்றி, இடுப்பை முற்றும் வளைத்து, நாலுகால் விலங்காய் அசைந்தான். மண்வெட்டியோடு வரிசையில் போட்டியிட்டுக் கொத்தும் இளைஞர்களின் முதுகும் அவ்வாறே வளைந்திருந்தது. பெண்கள் பாடி ஊக்கினர். அப்போட்டியில் வென்ற உழவனுக்கும் 'சிவாரா' என்பதே பட்டம். அந்தக் கொம்புகள் வான் நோக்கி எழுவதன் வேகம், அவற்றின் அடியில் ஒரு முதுகு மண் நோக்கி வளைந்திருந்தபோதுதான் முழுமையாகத் தெரிந்திருக்கும். பட்டும் பூவும் களைந்த உற்சவ மூர்த்தியை அருங்காட்சியகத்தில் கண்டவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

சிவாராவையாவது ஊரே கூடிப் பார்த்தது. பமானாக்களின் மற்றொரு படைப்போ பார்வைக்கே பகையானது. அதன் பெயர் தமிழ்ச் செவிக்கு நேர்மாறான பொருளைத் தந்துவிடும் என்பதால் முதல் எழுத்தைக் குறுக்கிப் 'பொலி' என்றே எழுதுவோம்; களத்துமேட்டுப் பொலி நினைவுக்கு வந்தால் தீங்கில்லை. உள்ளே மரமும் பிற பொருள்களும் கருவாக இருக்க, அதன்மேல் மண்ணும் பலியிட்ட விலங்குகளின் குருதியும் தானியமும் படலம் படலமாக ஏறி இறுகிய உருண்டை அது. திமில் உள்ள மாடு போலச் சில. வடிவம் சொல்ல இயலாதவை சில. கோமோ, கோனோ முதலிய மறைச் சங்கங்கள் அதனைத் தனிக் குடிலில் வைத்துக் காத்தன. பெண்களும், சங்கத்தில் சேராதவர்களும் அதனைக் காணலாகாது. ஒவ்வொரு பலியும் அதற்கு ஆற்றலைக் கூட்டியது; ஒவ்வொரு பலியும் அதன் வடிவத்தை மேலும் மழுங்கச் செய்தது. வடிவம் தெளிவதே சிற்பத்தின் நிறைவு என்று பழகிய நம் அளவுகோல் இங்கே உடைந்து போகிறது. இதனைக் கலையென மதிக்க இயலாதவர்கள் சிவாராவையும் அரைகுறையாகவே மதித்தவர்கள் என்பது நம் கருத்து.

பொலிகளின் பிற்கால வரலாறு துயரமானது. 1861-இல் செகூ அரசை வென்ற ஹாஜி உமர் தால், அரண்மனைப் பொலிகளைக் கைப்பற்றினார். செகூவுக்குத் துணை நின்ற மாசினாவின் இசுலாமிய மன்னர் மீது, சிலை வணங்கிகளோடு கூடினார் என்று குற்றம் சாட்ட அவற்றையே சான்றாக்கினார். எழுபது ஆண்டுகள் கழித்து, 1931 செப்டம்பரில், அறிவியலின் பெயரால் வேறொரு கூட்டம் வந்தது. மார்செல் கிரியோல் தலைமையில் தக்காரிலிருந்து ஜிபூத்தி வரை ஆப்பிரிக்காவைக் குறுக்காகக் கடந்த பிரெஞ்சுப் பயணக் குழு அது. கெமெனி என்னும் ஊரில் கோனோவைக் காண வேண்டுமானால் கோழி பலியிட வேண்டும் என்றனர் ஊரார். காத்திருக்க மனமில்லாத குழுவினர், காவலர் பெயரைச் சொல்லி அச்சுறுத்திப் பத்துப் பிராங்கை நீட்டிப் பொருளை எடுத்துச் சென்றனர். மறுநாள் தியாபூகூ என்னும் ஊரில், பால்குடிப் பன்றிக்குட்டி வடிவில் 15 கிலோவுக்குக் குறையாத பொலி ஒன்றும் அவ்வாறே பறிபோனது. இவற்றை எழுதி வைத்தவர் பகைவர் எவரும் அல்லர். குழுவின் செயலரும் எழுத்தாளருமான மிஷேல் லெரீஸ். தம் கைகளும் அதில் பட்டன என்பதை அவர் மறைக்கவில்லை. 1934-இல் நூல் வெளிவந்தபோது கிரியோலுக்குச் சினம் மூண்டதில் வியப்பில்லை. ஒருவர் பொய்த்தெய்வம் என்று எடுத்தார். ஒருவர் ஆய்வுப்பொருள் என்று எடுத்தார். பறிகொடுத்தவர்களுக்கு இவ்விரண்டிற்கும் வேற்றுமை தெரிந்திருக்குமா?

அதே பயணத்தில்தான் கிரியோல் தோகோன் நாட்டை அடைந்தார். ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளும் பாந்தியாகரா மணற்பாறைச் செங்குத்தும் அதனை ஒட்டிய ஊர்களும் தோகோன்களின் இருப்பிடம். அவர்களுக்கு முன் அங்கு வாழ்ந்தவர்களைத் தெல்லெம் என்பர்; பாறைக் குகைகளில் அவர்கள் இறந்தோரை வைத்து, துணிகளையும் மரத் தலைத்தாங்கிகளையும் உடன் வைத்தனர். யுனெஸ்கோ இப்பகுதியை 1989-இல் உலக மரபிடமாக ஏற்றது.

தோகோன் முகமூடிகள் பெரும்பாலும் தாமா என்னும் இறுதிச் சடங்கில் ஆடப்படுபவை. இறந்த சில ஆண்டுகளுக்குப் பின், பலருக்கும் சேர்த்து நடைபெறும் அச்சடங்கு, ஊரை விட்டகலாத ஆவிகளை முன்னோர் உலகுக்கு வழியனுப்புவது. மரச் சிலைகளைக் கொல்லர் செதுக்க, முகமூடியைப் பெரும்பாலும் ஆடுபவனே செதுக்கிக்கொள்வான். சிரிகே என்னும் முகமூடியில் முகத்தின் மேலே 4 மீட்டருக்கும் மேலாக ஒரு பலகை எழும். உள்ளே உள்ள குறுக்குக் கட்டையைப் பல்லால் கடித்துப் பிடித்தபடியே ஆடுபவன் அதனைச் சுழற்றி, முன்னும் பின்னும் சாய்த்து மண்ணைத் தொடச் செய்வான். கழுத்தின் வலிமைதான் இங்கே கலையின் பாதி.

கனகா என்னும் முகமூடியின் உச்சியில் இரு குறுக்குச் சட்டங்கள் கொண்ட சிலுவை போன்ற அமைப்பு உண்டு. 1938-இல் வெளியிட்ட பெருநூலில் கிரியோல் அதனைப் பறவை என்று எழுதினார். பின்னர் 1946-இல் ஒகோத்தெம்மேலி என்னும் பார்வையற்ற வேட்டுவ முதியவர் முப்பத்து மூன்று நாள்கள் அவருக்குத் தொன்மங்களைச் சொன்னார்; 1948-இல் வந்த அந்த உரையாடல் நூலால் தோகோன் மக்கள் உலகப் புகழ் பெற்றனர். அதன்பின் கனகா, விண்ணையும் மண்ணையும் சுட்டும் படைப்புக் கடவுளின் கைகளாயிற்று. ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் அண்ட விளக்கம் கிடைத்தது. நெதர்லாந்து அறிஞர் வால்டர் வான் பேக், தோகோன்களிடையே ஆண்டுக்கணக்கில் தங்கி ஆராய்ந்து, அத்தகைய விரிந்த தொன்மங்களை அவ்வூர் மக்களே அறியவில்லை என்று 1991-இல் எழுதினார். வழக்கு இன்னும் தீரவில்லை. நம் அளவில் ஒன்று சொல்லலாம்: சிற்பத்தை வெறும் வடிவமாகப் பார்ப்பதும், வெறும் குறியீட்டு அகராதியாகப் படிப்பதும் ஒரே குறையுடையவை. இரண்டிலும் ஆடுபவன் காணாமற் போகிறான்.

ஆடாத மரங்களும் அங்கு உண்டு. ஆடவர் கூடிப் பேசும் தோகுனா என்னும் மண்டபத்தின் கூரை, நிமிர்ந்து நிற்க முடியாதபடி தாழ்ந்திருக்கும். சினந்து எழுபவன் தலையில் இடித்துக்கொண்டு மீண்டும் அமர வேண்டியதுதான். அதனைத் தாங்கும் தூண்களில் பெண்ணின் மார்பகங்கள் புடைத்து நிற்கும். தானியக் குதிர்களின் செதுக்குக் கதவுகள் வணிகர் கைக்குப் போய், பல ஊர்களில் வெறும் பலகைகளே எஞ்சியுள்ளன.

இறுதியாக, பெருமுகமூடி. பாம்பு வடிவில் பல மீட்டர் நீளமுள்ள அதனை எவரும் அணிவதில்லை. முதன்முதல் இறந்த முன்னோரின் உரு அது. 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் சிகி விழாவுக்கு அது புதிதாகச் செதுக்கப்படும். பழையது குகையில் கிடந்து மட்கும். மட்கும் அதனைச் செப்பனிட்டுக் காக்க வேண்டும் என்று தோகோன்கள் எண்ணவில்லை. சென்ற சிகி 1967 முதல் 1973 வரை ஊர் ஊராக நடந்தது. ஜான் ரூஷும் செர்மேன் தியெத்தெர்லெனும் ஆண்டுதோறும் சென்று அதனைப் படம் பிடித்தனர். கணக்குப்படி அடுத்த சிகி 2027-இல் தொடங்க வேண்டும். 2012 முதல் மாலியில் மூண்ட கலவரம் பாந்தியாகரா ஊர்களையும் எரித்துப் பலரை இடம்பெயரச் செய்துள்ளது. விழாவுக்கு முன் ஒரு மரம் தேர்ந்து வெட்டப்பட வேண்டும். பெண்களும் சிறுவர்களும் காணாத இடத்தில் அது செதுக்கப்பட வேண்டும்.