படைப்பின் அட்லஸும் காரைக் கற்களும்

துருக்கியைச் சேர்ந்த அத்னான் ஒக்தார், ஹாரூன் யஹ்யா என்னும் புனைபெயரில் 2006இல் வெளியிட்டது ‘படைப்பின் அட்லஸ்’. ஒருபுறம் கோடிக்கணக்கான ஆண்டுப் பழமையுள்ள புதைபடிவம், மறுபுறம் அதையொத்த இன்றைய உயிரினம். இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால் உயிர்கள் மாறவேயில்லை என்பது அதன் வாதம். நம் மேடைகளிலும் ஒலித்துள்ள வாதமாதலால் அதனை உரைத்துப் பார்ப்பது நம் கடமையாகிறது. ஆசிரியர் மீதான பிற்கால வழக்குகள் நமக்கு வேண்டா. மத்னை மட்டும் பார்ப்போம்.

உரைகல் நம் அருகிலேயே உள்ளது. ஜெயங்கொண்டத்திலிருந்து மேற்கே அரியலூரைத் தாண்டினால் காரையின் வறண்ட களிமண் மேடுகள். ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அவை கடலடி. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பிளான்ஃபோர்டு இவ்வட்டாரப் பாறைகளைக் கீழிருந்து மேலாக ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். இங்குள்ள நாட்டிலஸ் ஓடுகளை 1861இல் அவரே விவரித்தார். அம்மோனைட்டுகளை அவருக்குப்பின் ஸ்டோலிஸ்கா விவரித்தார்.

இரண்டும் சுருண்ட ஓடுகளே. நாட்டிலஸின் அறைச்சுவர் ஓட்டைத் தொடும் கோடு எளிய வளைவு. அம்மோனைட்டில் அது இலை விளிம்புபோல் மடிந்து மடிந்து செல்லும். நாட்டிலஸ் இன்றும் கடலில் வாழ்கிறது; அட்லஸின் முறைக்கு அது வாய்ப்பான படம். ஆனால் அம்மோனைட்டுக்குப் பக்கத்தில் வைக்க உயிருள்ள எதன் படத்தைத் தேடுவது? அவ்வினம் முழுவதும் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டது. மேலும், ஊட்டத்தூர்ப் படுகையில் கிடைக்கும் அம்மோனைட் வகைகள் வேறு, அரியலூர்ப் படுகையின் வகைகள் வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததென்று இவ்வரிசை மட்டும் நிறுவிவிடாது. அதற்கு உடலமைப்பும் மரபணுவும் துணைநிற்க வேண்டும். எனினும் ‘எதுவும் மாறவில்லை’ என்னும் கூற்றை வீழ்த்த இதுவே போதும்.

அட்லஸில் பூச்சியென்று அச்சான ஒரு படம் உண்மையில் தூண்டில்காரர் செய்த பொய்யிரை; கொக்கிகூடப் படத்தில் தெரிகிறது! அதைக் கவனக்குறைவென்று விட்டுவிடலாம். தனக்கு இசைந்த சான்றைக் காட்டி, இசையாததை மறைப்பதை அவ்வாறு விட இயலாது. அறிவிப்பாளர் வரிசையின் குறையை மறைப்பதை முஹத்திஸ்கள் தத்லீஸ் என்று பெயரிட்டுக் கண்டித்தனர். ஹதீஸுக்கு அத்தனை கடுமை காட்டும் நாம், படைத்தவனின் பெயரால் எழுதப்படும் நூலுக்குச் சலுகை அளிப்பது எங்ஙனம்? பூமியில் பயணித்துப் படைப்பின் தொடக்கத்தை நோக்குமாறு அன்கபூத் அத்தியாயத்தின் 20ஆம் வசனம் ஏவுகிறது. ஆதம் (அலை) அவர்களின் படைப்பு பற்றிய அகீதா விவாதம் தனி. அதை இக்கற்களைக் கொண்டு முடிக்க முடியாது.

அட்லஸை அடுக்கில் வைத்திருக்கும் மதரஸாக்கள், மாணவர்களை ஒருநாள் வாரணவாசிப் புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லலாம். சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுக்கப்படும் மண்ணில் அரைபடாமல் தப்பியவற்றை அங்கே காணலாம்.